50 கெஜப் பட்டு, 10 நாள் கெடு: கென்னடி கல்யாண கவுனைத் தைத்த ஆன் லோ யார்?

1953 செப்டம்பர் 12. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் நகரம். அங்குள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை 36 வயது செனட்டர் ஜான் எஃப். கென்னடி. மணப்பெண் 24 வயது ஜாக்குலின் பூவியே. வரவேற்புக்கு வந்தவர்கள் மட்டும் சுமார் 1,200 பேர். மாப்பிள்ளை 1961-ல் அமெரிக்க அதிபரானார். மணப்பெண் உலகமே திரும்பிப் பார்க்கும் ஃபேஷன் அடையாளமானார்.

அன்று ஜாக்குலின் உடுத்தியிருந்த தந்த நிற கவுனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விண்டேஜ் வெட்டிங் கவுன் என்று பின்டரஸ்ட்டில் தேடினால் அடிக்கடி கண்ணில் படும் படம் அது. தோளை ஒட்டித் திறந்த கழுத்து, சிக்கென்ற இடுப்பு, தரையைத் தொடும் பெரிய பாவாடை, அதில் வட்ட வட்டமாகச் சுருக்குகள். மறுநாள் நியூயார்க் டைம்ஸ் அந்த கவுனை விவரித்து எழுதியது. தைத்தவர் பெயரை மட்டும் எழுதவில்லை.

அந்தப் பெயர் ஆன் லோ. அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண். அடிமையாகப் பிறந்த ஒரு தையல்காரியின் பேத்தி. அந்த கவுனைத் தைத்ததில் அவருக்குக் கிடைத்தது லாபம் அல்ல, 2,200 டாலர் நஷ்டம். எப்படி? அதற்கு அவருடைய கதையை முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

துணித் துண்டில் பூ செய்த சிறுமி

ஆன் லோ 1898-ல் அலபாமா மாநிலத்தின் கிளேட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பாட்டி ஜார்ஜியா அடிமையாகப் பிறந்தவர். தோட்ட முதலாளி வீட்டில் துணி தைத்தவர். சுதந்திரமாக இருந்த தச்சர் ஒருவர் பணம் கொடுத்து அவரை மீட்டுக் கல்யாணம் செய்துகொண்டார் என்பது குடும்ப வரலாறு. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகு பாட்டியும் அம்மா ஜேனியும் மான்ட்கோமரி நகரின் பணக்கார வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு உடை தைத்துப் பிழைத்தார்கள்.

அந்த வீட்டில் பொம்மைக்குப் பதில் துணித் துண்டுதான் விளையாட்டு. அம்மா வெட்டிப் போட்ட பட்டுத் துண்டுகளைப் பொறுக்கி, ஆன் பூ செய்வார். தோட்டத்தில் பார்த்த பூவை அப்படியே துணியில் கொண்டுவருவது அவருக்குச் சின்ன வயசிலேயே கைவந்தது. பிற்காலத்தில் அவருடைய கவுன்களை ஒரு பார்வையில் அடையாளம் காட்டியதும் இந்தத் துணிப்பூக்கள்தான். ஒவ்வொரு இதழும் தனித்தனியாக வெட்டி, வளைத்து, கையால் தைத்த பூக்கள்.

1914-ல் அம்மா திடீரென்று இறந்துபோனார். அப்போது கையில் ஒரு பெரிய ஆர்டர் பாதியில் நின்றது. அலபாமா ஆளுநரின் மனைவிக்கு நான்கு பால்ரூம் கவுன்கள். ஆனுக்கு வயது 16 கூட நிறையவில்லை. நான்கையும் அவரே முடித்துக் கொடுத்தார். அம்மா போன துக்கத்தோடு சேர்ந்து, இனி இந்தத் தொழிலைத் தன்னால் நடத்த முடியும் என்ற தெளிவும் அப்போதுதான் வந்தது.

ஆனால் வீட்டில் வேறு கணக்கு. டீன் ஏஜிலேயே அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆர்தர் என்று ஒரு மகனும் பிறந்திருந்தான். மனைவி தையல் வேலைக்குப் போவது கணவருக்குப் பிடிக்கவில்லை. ஆன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். ஆனாலும் தன் உடைகளைத் தானே தைத்துக்கொள்வதை மட்டும் விடவில்லை.

ஒரு கடையில் வந்த அழைப்பு

1916-ல் அலபாமாவின் டோத்தன் நகரில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர். அங்கே ஆன் உடுத்தியிருந்த டிரெஸ்ஸை ஒரு பணக்காரப் பெண்மணி நின்று பார்த்தார். அவர் ஜோசஃபின் லீ; ஃபுளோரிடாவின் டாம்பா நகரைச் சேர்ந்த, ஆரஞ்சுத் தோட்டங்கள் வைத்திருந்த குடும்பம். இதை யார் தைத்தது என்று விசாரித்தார். உடுத்தியிருப்பவரே தைத்தது என்று தெரிந்ததும் அங்கேயே ஒரு வேலை கொடுத்தார். அவருடைய இரட்டை மகள்களுக்குக் கல்யாணம் வரப்போகிறது. டாம்பாவுக்கு வந்து கல்யாண உடைகளைத் தைத்துத் தர வேண்டும்.

கணவர் சம்மதிக்கவில்லை. ஆன் மகனைத் தூக்கிக்கொண்டு டாம்பாவுக்கு ரயில் ஏறினார். அந்தத் திருமணம் விவாகரத்தில் முடிந்தது.

டாம்பா வாழ்க்கை அவருக்கு நல்ல காலம். 1917-ல் லீ குடும்பத்தின் ஆதரவோடு நியூயார்க் போய் எஸ்.டி. டெய்லர் டிசைன் பள்ளியில் சேர்ந்தார். கறுப்பினப் பெண் ஒருவர் வந்து நிற்பார் என்று பள்ளி எதிர்பார்க்கவில்லை. வெள்ளைக்கார மாணவிகள் அவரோடு ஒரே அறையில் உட்கார மறுத்ததால் தனி அறையில் உட்காரவைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தனி அறையில் அவர் செய்த வேலையைத்தான் வகுப்புக்கு எடுத்துப் போய் மாதிரியாகக் காட்டினார்கள். மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவே படிப்பை முடித்துவிட்டுத் திரும்பினார்.

டாம்பாவில் சொந்தக் கடை திறந்தார். ஆண்டுதோறும் அந்த ஊரில் நடக்கும் கஸ்பரில்லா விழாவுக்கு ராணி வேஷம் போடும் பணக்காரப் பெண்கள் அவரிடம்தான் கவுன் தைக்க வந்தார்கள். உதவிக்கு உள்ளூர் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துத் தையல் கற்றுக்கொடுத்தார். 1928-ல் சேமிப்பு 20,000 டாலரைத் தொட்டதும் நியூயார்க்குக்கே குடிபெயர்ந்தார்.

நேரம் சரியில்லை. அடுத்த வருடமே பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் வந்தது. கையில் இருந்த பணம் கரைந்தது. பிறகு பல வருடம் மற்றவர்களின் கடைகளுக்குத் தைத்துக் கொடுத்தார். இதில்தான் அவருடைய பிற்காலப் பிரச்சினையின் தொடக்கம் இருக்கிறது. வேலை அவருடையது, லேபிள் கடைக்காரருடையது. 1947 ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்க ஒலிவியா டி ஹாவிலண்ட் உடுத்தி வந்த, கையால் பூ வரைந்த கவுன் ஆன் லோவின் டிசைன். உள்ளே இருந்த லேபிள் சோனியா ரோசன்பர்க் என்ற இன்னொருவருடையது.

வெள்ளை கவுனும் ஆரஞ்சுப் பூவும்

கென்னடி கல்யாணத்துக்குப் போகும் முன், மேற்கத்திய கல்யாண கவுன் பற்றிச் சின்ன பின்னணி. கல்யாணத்துக்கு வெள்ளை உடை என்பது ஆதிகாலத்துப் பழக்கம் ஒன்றும் இல்லை. 1840-ல் விக்டோரியா மகாராணி தன் கல்யாணத்துக்கு வெள்ளை சாட்டின் கவுனும், தலையில் ஆரஞ்சுப் பூ மாலையும் அணிந்தார். அதன் படங்கள் பரவியபோதுதான் அது பெரிய இடத்து ஸ்டைலாகி, மெதுவாக எல்லோருக்கும் வந்தது. அதற்கு முன்பு வசதியான பெண்கள்கூட நல்ல நிறத்தில் ஒரு பட்டு உடையில் கல்யாணம் செய்துகொண்டு, அதையே பிறகும் உடுத்துவார்கள்.

அடுத்த பெரிய மாற்றம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. போரின்போது துணிக்கு ரேஷன். பிரிட்டனில் போர் முடிந்தும் அது தொடர்ந்தது. 1947-ல் இளவரசி எலிசபெத் தன் கல்யாண கவுனுக்கே ரேஷன் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்தது. அதே 1947-ல் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் கொண்டுவந்த ஸ்டைல் நிலைமையை மாற்றியது. இறுக்கமான இடுப்பு, கெஜக்கணக்கில் துணி விழுங்கும் பாவாடை. பஞ்ச காலம் முடிந்துவிட்டது என்று ஊருக்கே அறிவிப்பது மாதிரி ஒரு ஷேப். 1950-களின் மணப்பெண் கவுன்கள் எல்லாம் இதன் வழி வந்தவைதான்.

ஆன் லோ இந்த அலைக்கு முன்பே கல்யாண கவுன்களில் தனக்கென்று ஒரு பாணி வைத்திருந்தார். 1941-ல் அவர் தைத்த ஒரு கல்யாண உடை இன்றும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாட்டின் துணிமேல் லில்லிப் பூக்கள் லேசாகப் புடைத்து எழுந்து நிற்கும். அடியில் பஞ்சு வைத்து, பூவின் கோட்டிலேயே தையல் போட்டுத் துணியை உப்பவைக்கும் நுட்பம் அது. நிறம் இல்லை, ஜிகினா இல்லை. வெள்ளைமேல் வெள்ளை. நிழல் விழும்போதுதான் டிசைன் தெரியும். இன்று மினிமல் பிரைடல் என்று சொல்லி விற்கிற பல கவுன்களைவிட இது அழகு என்று தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொரு விஷயம், வெளியே தெரியாதது. அவருடைய கவுன்களின் உள்பக்கமும் வெளிப்பக்கம் மாதிரியே சுத்தமாக இருக்கும். தையல் ஓரங்கள் பிசிறு தெரியாமல் லேஸ் வைத்து முடிக்கப்பட்டிருக்கும். உடம்பைத் தாங்கும் அமைப்பு கவுனுக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கும். தனியாக உள்ளாடை தேட வேண்டியதில்லை. பாவாடையைத் தூக்கி நிறுத்தும் கேன்கேனும் உள்ளேயே அடுக்கு அடுக்காக இருக்கும். ஆறு மணி நேரம் நின்று, நடந்து, ஆடி முடித்தாலும் கவுன் கீழே இறங்காது. கவுன் வாங்கப் போகிறவர்கள் கற்கள் எத்தனை என்று எண்ணுவதற்கு முன் உள்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

அந்த கவுனில் என்ன இருக்கு?

ஜாக்குலினின் அம்மா குடும்பத்துக்கு ஆன் லோ ஏற்கெனவே தைத்துக் கொடுத்திருந்தவர். அதனால் கல்யாண வேலை முழுவதும் அவரிடமே வந்தது: மணப்பெண்ணின் கவுன், தோழிகளின் இளஞ்சிவப்பு கவுன்கள், மொத்தம் 15.

மணப்பெண் கவுனுக்கு மட்டும் 50 கெஜம் துணி. ஒரு புடவை ஆறு கெஜம் என்று வைத்தால், எட்டுப் புடவைக்கு மேல். துணி, தந்த நிறப் பட்டு டாஃபெட்டா. நடந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும், மடித்த இடத்தில் மடிப்பு நிற்கும் விறைப்பான பட்டு. இந்த விறைப்பு இல்லாமல் அந்தப் பாவாடை அப்படி நிற்காது. ஷிஃபானிலோ ஜார்ஜெட்டிலோ இதே டிசைனைத் தைத்தால் சுருக்குகள் எல்லாம் தொங்கிப்போய்விடும்.

கழுத்து, போர்ட்ரெய்ட் நெக் எனப்படும் வகை. இரண்டு தோளின் ஓரத்தையும் தொட்டு, முகத்துக்கு ஃபிரேம் போட்டதுபோல் விரிந்திருக்கும். போட்டோவில் முகத்துக்குத்தான் முதல் பார்வை போகும். மேல்பகுதி முழுக்க மெல்லிய டக் பிடித்து, உடம்போடு ஒட்டித் தைத்தது. பாவாடையில் துணியைச் சுருக்கி வைத்த பெரிய வட்டங்கள், அவற்றுக்கு நடுவில் மெழுகில் செய்த சின்னச் சின்ன ஆரஞ்சுப் பூக்கள். விக்டோரியா காலத்துப் பூ இங்கேயும் வந்துவிட்டது. தலையில் ஜாக்குலின் போட்டிருந்த லேஸ் முக்காடு புதிது அல்ல, அவருடைய பாட்டியினுடையது.

ஜாக்குலினுக்கு இந்த கவுன் பெரிதாகப் பிடிக்கவில்லை, அவர் இன்னும் எளிமையான, நேர்க்கோட்டு உடையைத்தான் விரும்பினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னாளில் வெள்ளை மாளிகையில் அவர் உடுத்திய உடைகளைப் பார்த்தால் அது நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. கென்னடி குடும்பத்துக்கு இது கல்யாணம் மட்டும் அல்ல, அரசியல் மேடையும்கூட. கவுன் பாரம்பரியமாக, பிரம்மாண்டமாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். மணப்பெண்ணின் டேஸ்ட் ஒன்று, குடும்பத்தின் டேஸ்ட் இன்னொன்று. இந்தப் பஞ்சாயத்து எல்லா ஊர்க் கல்யாணத்திலும் உண்டு.

10 நாள் முன்பு உடைந்த பைப்

கவுன்கள் ஏறக்குறைய தயார். மணப்பெண் கவுனுக்கு மட்டும் இரண்டு மாதம் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குச் சரியாக 10 நாள் இருக்கும்போது, ஆன் லோவின் நியூயார்க் பட்டறையில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. அவர் வந்து பார்க்கும்போது ஜாக்குலினின் கவுன் உள்பட 10 கவுன்கள் நாசம். பட்டு டாஃபெட்டா நனைந்தால் கறை பிடிக்கும், விறைப்பு போய்விடும். காயவைத்து இஸ்திரி போட்டுச் சமாளிக்கிற விஷயம் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் முதலில் வாடிக்கையாளருக்கு போன் போட்டிருப்பார்கள். ஆன் லோ போடவில்லை. மறுபடி பட்டு வாங்கினார். கூடுதல் ஆட்களை வைத்தார். இரவும் பகலுமாக எல்லாரும் உட்கார்ந்து, இரண்டு மாத வேலையைப் பத்தே நாளுக்குள் திரும்பச் செய்து முடித்தார்கள். அந்த ஆர்டரில் அவருக்குச் சுமார் 700 டாலர் லாபம் வர வேண்டியது. புதுத் துணியும் கூடுதல் கூலியும் சேர்ந்து அது 2,200 டாலர் நஷ்டமாக மாறியது. பூவியே குடும்பத்திடம் அவர் ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. விஷயத்தையே சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? பெருமை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் 1953 அமெரிக்காவில் ஒரு கறுப்பின டிசைனர், நாட்டின் மிகப்பெரிய கல்யாணத்தின் உடைகள் நனைந்துபோய்விட்டன என்று சொன்னால் அடுத்த ஆர்டர் வருமா என்ற கேள்வியும் இருந்தது. ஒரே ஒரு தப்பு நடந்தாலும், அது குழாயின் தப்பு என்று யாரும் எழுதப் போவதில்லை.

கவுன்களை எடுத்துக்கொண்டு அவரே நியூபோர்ட் போனார். வாசலில் நின்ற ஆள், பின்பக்கம் வேலைக்காரர்களும் சரக்கு கொண்டுவருபவர்களும் வரும் வழியாகப் போகச் சொன்னார். ஆன் லோ நகரவில்லை. முன்வாசல் வழியாக விடாவிட்டால் கவுன்களோடு அப்படியே திரும்பிப் போய்விடுவேன் என்றார். முன்வாசல் திறந்தது.

பேப்பரில் வராத பெயர்

அதே 1953 ஜூன் மாதம் லண்டனில் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா. அந்த கவுனைத் தைத்தவர் நார்மன் ஹார்ட்னெல் என்று உலகத்துக்கே தெரியும். 1956-ல் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி மொனாக்கோ இளவரசரைக் கல்யாணம் செய்தபோது, கவுன் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஹெலன் ரோஸ் தைத்தது என்பதும் உடனடிச் செய்தி. ஆக, மணப்பெண் கவுனுக்கு டிசைனர் பெயர் போடுவது அந்தக் காலத்தில் வழக்கம் இல்லை என்று யாரும் சப்பைக்கட்டு கட்ட முடியாது.

இதில் வலித்த இடம் 1961-ல் வந்தது. கென்னடி அதிபரான பிறகு ஜாக்குலின் பற்றி ஒரு பெண்கள் பத்திரிகையில் கட்டுரை வந்தது. அதில் கல்யாண கவுன் பெரிய ஃபேஷன் ஹவுஸில் தைத்தது அல்ல, யாரோ ஒரு கறுப்பினத் தையல்காரப் பெண் தைத்தது என்ற பொருளில் ஒரு வரி. பெயர் கிடையாது. ஆன் லோ முதல் பெண்மணிக்கே கடிதம் எழுதினார். தான் வெறும் தையல்காரி இல்லை, டிசைனர்; பெயர் போடுவதாக இருந்தால் அப்படிப் போடுங்கள், இல்லையென்றால் குறிப்பிடவே வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். ஜாக்குலினின் செயலர் தொலைபேசியில் பேசி, அந்தக் கட்டுரைக்கும் முதல் பெண்மணிக்கும் சம்பந்தம் இல்லை என்றார். பத்திரிகையில் திருத்தம் வரவில்லை.

அந்தச் சமயம் ஜாக்குலினுக்கு அதிகாரபூர்வ டிசைனர் வந்துவிட்டார். பெயர் ஓலெக் காசினி. அவருடைய பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

ஆனால் நிறவெறி என்ற ஒற்றைச் சொல்லில் இந்தக் கதையை முடித்துவிட முடியாது. ஆன் லோவின் வாடிக்கையாளர்கள் ராக்ஃபெல்லர், டூபான்ட், ரூஸ்வெல்ட் மாதிரி பரம்பரைப் பணக்காரக் குடும்பங்கள். நல்ல தையல்காரர் கிடைத்தால் அக்கம்பக்கத்தில் சொல்லாமல் வைத்துக்கொள்வது நம்ம ஊரிலும் உண்டு. அவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஆன் லோவும் அந்த வட்டத்தை விட்டு வெளியே வர ஆசைப்படவில்லை. புதுப் பணக்காரர்களுக்குத் தைப்பதில் தனக்கு விருப்பம் இல்லை என்று பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னவர் அவர். எந்த வட்டம் அவர் பெயரை மறைத்ததோ, அந்த வட்டத்தின் பெயர்மீதே அவருக்கு மோகம் இருந்தது. இந்த முரண்பாட்டை மழுப்பாமல் பார்த்தால்தான் அடுத்து நடந்தது புரியும்.

300 டாலர் கவுனுக்கு 450 டாலர் செலவு

ஆன் லோவுக்குத் துணியைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. கணக்கு மட்டும் வரவில்லை. ஜாக்குலினின் கவுனுக்கு அவர் வாங்கிய விலை 500 டாலர். 50 கெஜம் பட்டும் இரண்டு மாதக் கைவேலையும் சேர்ந்த கவுனுக்கு இது மிகக் குறைந்த விலை. கோடீஸ்வரக் குடும்பங்கள் பேரம் பேசுவார்கள். அவரும் இறங்கிக் கொடுப்பார். அந்த கவுன் தன் கையால் உருவாக வேண்டும் என்ற ஆசை, விலையைச் சொல்லும் இடத்தில் அவரை எப்போதும் தோற்கடித்தது.

அதுவரை கணக்கு வழக்குகளைப் பார்த்து, கடன்காரர்களைச் சமாளித்து வந்தது மகன் ஆர்தர். 1958-ல் ஆர்தர் கார் விபத்தில் இறந்தார். அம்மாவுக்குப் பிள்ளையும் போனார், கணக்குப் புத்தகமும் போனது.

1960-ல் சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ என்ற பிரபல கடை தன்னுடைய கவுன் பிரிவுக்கு அவரைத் தலைமை டிசைனராக எடுத்தது. வெளியில் பார்த்தால் பெரிய பதவி. ஒப்பந்தப்படி துணிச் செலவும் ஆள் கூலியும் ஆன் லோ தலையில். ஒரு கவுனுக்குக் கடை தருவது 300 டாலர். அதைத் தைக்க அவர் கையில் இருந்து போனது சுமார் 450 டாலர். இதைக் கண்டுபிடிக்கும்போது ரொம்பத் தாமதமாகிவிட்டது. ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிற எவருக்கும் இந்த இடம் சுருக்கென்று குத்தும்: வேலைக்கு ரேட் சொல்லும்போது மெட்டீரியல் செலவைக் கூட்டிப் பார்த்தோம், நம் நேரத்தைக் கூட்டிப் பார்த்தோமா?

1962 எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்த வருடம். வருமான வரித் துறைக்கு 12,800 டாலர் பாக்கி. துணி வியாபாரிகளுக்குச் சுமார் 10,000 டாலர் கடன். வரி பாக்கிக்காகக் கடை மூடப்பட்டது. குளுக்கோமா முற்றி வலது கண்ணை அகற்ற வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் திவால் நோட்டீஸ். நரம்பு மாதிரி மெல்லிய ஊசித் தையலை நம்பி வாழ்ந்தவருக்கு மீதி இருந்தது ஒரே கண். அதிலும் காட்டராக்ட்.

அந்த நேரத்தில் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் வரி பாக்கி முழுவதையும் கட்டினார். ஜாக்குலின்தான் கட்டியிருப்பார் என்று ஆன் லோ கடைசிவரை நம்பினார். அதற்கு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை.

இடது கண்ணுக்கு நடந்த அறுவை சிகிச்சை வெற்றி. பார்வை தப்பியது. 1964 டிசம்பரில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகை அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் வந்தார். கென்னடி கல்யாணம் முடிந்து 11 வருடம் கழித்து, கவுன் யார் தைத்தது என்று பொதுமக்களுக்கு ஒருவழியாகத் தெரிந்தது. 1968-ல் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில், அதாவது ஃபேஷன் கடைகளின் தலைவாசலில், தன் பெயரிலேயே கடை திறந்தார். பார்வை மங்கிய பிறகு டிசைனை வாயால் சொல்ல, உதவியாளர்கள் வரைந்து தைத்தார்கள். 1972-ல் ஓய்வு. 1981 பிப்ரவரி 25-ல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், வளர்ப்பு மகள் வீட்டில் 82-வது வயதில் காலமானார்.

லேபிள் திரும்ப வந்தது

அவர் தைத்த கவுன்கள் பலவற்றைக் காப்பாற்றியது ஹார்லெமில் 1979-ல் தொடங்கிய பிளாக் ஃபேஷன் மியூசியம். 2007-ல் அந்தச் சேகரிப்பு ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. இப்போது வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் அவருடைய துணிப்பூக்களைப் பார்க்கலாம்.

2023 செப்டம்பரில் டெலவர் மாநிலத்தின் விண்டர்தர் அருங்காட்சியகம் சுமார் 40 கவுன்களை வைத்து ஆன் லோவுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. விண்டர்தர், அவருக்கு நிறைய ஆர்டர் கொடுத்த டூபான்ட் குடும்பத்தின் பழைய மாளிகை. கண்காட்சியின் தலைப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அமெரிக்கன் கூட்டூரியர் என்று போட்டிருந்தார்கள். உயர்தர ஃபேஷன் டிசைனரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. 1961 கட்டுரை அவருக்குத் தர மறுத்தது அந்த அந்தஸ்தைத்தான்.

ஆனால் எல்லோரும் பார்க்க ஆசைப்பட்ட கவுன் அங்கே வரவில்லை. ஜாக்குலினின் அசல் கவுன் பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தில் இருக்கிறது. பட்டு மிகவும் நலிந்துவிட்டதால் அதை எடுத்து நிறுத்தி வைக்க முடியாது. எனவே டெலவர் பல்கலைக்கழகத்தில் ஃபேஷன் கற்பிக்கும் ஒருவர் பாஸ்டன் போய், படுக்கவைத்திருந்த கவுனை ஆராய்ந்து, அளவெடுத்து வந்து, அதேபோல் ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். பார்வையாளர்கள் நின்று பார்த்தது, அவசரமாக இரண்டாம் முறை தைக்கப்பட்ட ஒரு கவுனின் மூன்றாம் வடிவத்தை.